கேஸ் விலைக்குப் பயந்து கரண்ட் அடுப்பு: சுவருக்குள் இருக்கும் வயர் தாங்குமா?

சென்னை:-

காலை 6.30 மணி. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் எந்த லைன் வீட்டுக்குள் போனாலும் காட்சி ஒன்றுதான். ஒரு வீட்டில் இட்லிப் பானை, பக்கத்து வீட்டில் உலை, எதிர் வீட்டில் பிள்ளைகளின் டிபன் பாக்சுக்கு அவசர அவசரமாக தாளிப்பு. எல்லோருக்கும் 8 மணிக்குள் கிளம்பியாக வேண்டும்.

கேஸ் அடுப்பு எரிந்தவரை இதில் ஒரு தொல்லையும் இல்லை. அவரவர் சிலிண்டர், அவரவர் அடுப்பு. அந்த இடத்தில் இண்டக்சன் அடுப்பு வந்து உட்கார்ந்த பிறகு கதையே வேறு. திடீரென மின்விசிறி நிற்கும். "அக்கா, உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். "இல்லம்மா, இங்கயும் போச்சு. வீட்டுக்காரரைக் கூப்பிடு, மறுபடி பீஸ் போயிடுச்சு போல" என்று பதில் வரும்.

பீஸ் போனால் தப்பித்தோம் என்று அர்த்தம். பீஸ் போகாமல், சுவருக்குள் வயர் மட்டும் சத்தமில்லாமல் சூடாகிக் கொண்டிருந்தால்தான் ஆபத்து.

ஏன் கரண்ட் அடுப்பு?

ஜனங்கள் ஆசைப்பட்டு இந்த அடுப்பை வாங்கவில்லை. சிலிண்டர் விலைதான் தள்ளிவிட்டது. 2023 மார்ச் மாதம் சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் விலை 1,118 ரூபாய் 50 காசுக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசு ஆனது. ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் விலையை நம்பி மாதக் கணக்கு போட முடியாது என்பதால், "ஆத்திரத்துக்கு இருக்கட்டும்" என்று ஒரு கரண்ட் அடுப்பை வாங்கி வைத்தவர்கள் ஏராளம்.

மத்திய அரசும் இதைத்தான் சொல்கிறது. 2021 பிப்ரவரியில் "கோ எலக்ட்ரிக்" என்ற பிரசாரம் தொடங்கியது. மின்சார வண்டியோடு மின்சார சமையலையும் அதில் சேர்த்தார்கள். 2023 நவம்பரில் மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல்., நாடு முழுக்க 20 லட்சம் இண்டக்சன் அடுப்புகளை வீடுகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை அறிவித்தது.

நல்ல திட்டம்தான். புகை இல்லை, சிலிண்டர் தூக்க வேண்டியதில்லை. ஆனால் அடுப்பை எண்ணுகிறவர்கள், அந்த அடுப்புக்கு கரண்ட் கொண்டு வரும் வயரை எண்ணுகிறார்களா என்பதுதான் கேள்வி.

ஒரு அடுப்பு எத்தனை ஆம்பியர்?

கணக்கு ரொம்ப சுலபம். அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 230 என்பது நம் வீட்டுக்கு வரும் சிங்கிள் பேஸ் மின்சாரத்தின் வோல்ட்.

மின்விசிறி 75 வாட். கால் ஆம்பியருக்கு கொஞ்சம் கூட. டி.வி. 100 வாட், அரை ஆம்பியர் கூட இல்லை. 500 வாட் மிக்சி 2 ஆம்பியர் சொச்சம். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியர் சொச்சம். 2,000 வாட் இண்டக்சன் அடுப்பு? கிட்டத்தட்ட 9 ஆம்பியர்.

தமிழகத்தில் 2011-ல் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறி திட்டம் வந்தது. பழைய வீட்டு வயரிங் அந்த மூன்றையும் தாங்கியது. மிக்சி ஓடுவது ஐந்து நிமிடம், கிரைண்டர் இழுக்கும் கரண்டும் கொஞ்சம். கரண்ட் அடுப்பு அப்படி இல்லை. மிக்சியைப் போல நான்கு மடங்கு இழுக்கும். அதுவும் அரை மணி, முக்கால் மணி விடாமல் இழுக்கும். வயர் சூடாவதற்கு இந்த நேரம் போதும்.

இன்னொரு விஷயம். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் ஏறும் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. மிக்சிக்கு ஜில்லென்று இருந்த வயர் அடுப்புக்கு கொதிப்பது இதனால்தான்.

சின்ன பிளக்கும் பெரிய பிளக்கும்

நம் வீட்டு சுவிட்ச் போர்டில் இருக்கும் சாதாரண பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் தாங்கும். பழைய ஆட்கள் 5 ஆம்ப்ஸ் பிளக் என்பார்கள். பெரிய ஓட்டை உள்ள பவர் பிளக் 16 ஆம்பியர் தாங்கும். இதை 15 ஆம்ப்ஸ் என்பார்கள்.

9 ஆம்பியர் இழுக்கும் அடுப்பை 6 ஆம்பியர் பாயிண்டில் போடக்கூடாது என்பதற்காகத்தான் பெரிய அடுப்புகளுக்கு தடித்த பின் உள்ள பிளக் வைக்கிறார்கள். ஆனால் பல வீட்டு சமையலறையில் பவர் பிளக்கே இல்லை. என்ன செய்கிறார்கள்? கடையில் ஒரு கன்வெர்ஷன் பிளக் வாங்கி, பெரிய பின்னை சின்ன ஓட்டையில் சொருகிவிடுகிறார்கள். இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்சில் அடுப்பு, குக்கர், மிக்சி மூன்றையும் மாட்டிவிடுகிறார்கள்.

அடுப்பு எரியும், சோறும் வேகும். அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். கொஞ்ச நாளில் பிளக் பாயிண்டின் வெள்ளை நிறம் பழுப்பாகும். பின்னைத் தொட்டால் சுடும். பிளாஸ்டிக் தீயும் வாடை வரும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பட்டை சூட்டில் தளர்ந்து, தளர்ந்த இடத்தில் பொறி பறந்து, இன்னும் சூடாகி... பல தீ விபத்துகளின் ஆரம்பம் இதுதான்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

எலக்ட்ரீசியன்கள் பேச்சில் 1/18, 3/20, 7/20 என்று அடிக்கடி வரும். இது பழைய காலத்து வயர் அளவு. 1/18 என்றால் 18-ம் நம்பர் கேஜில் ஒரே கம்பி. 3/20 என்றால் 20-ம் நம்பர் கேஜில் மூன்று கம்பி. இன்றைய கணக்கில் 1/18 என்பது ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர். 3/20 என்பது ஏறத்தாழ 2 சதுர மில்லிமீட்டர். 7/20 என்பது நாலரைக்குக் கொஞ்சம் மேல்.

பழைய வீடுகளில் லைட், பேன், பிளக் பாயிண்ட் எல்லாவற்றுக்கும் 1/18 ஓட்டியிருப்பார்கள். சில இடங்களில் அலுமினிய வயர். அதே தடிமனில் அலுமினியம், தாமிரத்தை விட குறைவாகத்தான் கரண்ட் தாங்கும். அலுமினியமும் தாமிரமும் சேரும் ஜாயிண்ட் நாளாக ஆக தளர்ந்து சூடாகும்.

இன்றைய நடைமுறைப்படி லைட், பேன் லைனுக்கு 1.5 ஸ்கொயர் வயர். ஒரு லைனில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட், எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்த வேண்டும். பவர் பிளக்குக்கு தனி லைன். அதில் இரண்டு 16 ஆம்பியர் பாயிண்டுக்கு மேல் போடக்கூடாது. மொத்த லோடு 3,000 வாட்டைத் தாண்டக்கூடாது.

800 வாட்டுக்குப் போட்ட லைனில் 2,000 வாட் அடுப்பை மாட்டுவது, ஆட்டோவில் லாரி லோடு ஏற்றுகிற மாதிரி. ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் ஓடும்.

சரியான அளவு எது?

ஒற்றை அடுப்பு, 2,000 வாட் வரை: ஈ.பி. பெட்டியில் இருந்து சமையலறைக்கு தனி லைன். 2.5 ஸ்கொயர் தாமிர வயர், 16 ஆம்பியர் பவர் பிளக், 16 ஆம்பியர் எம்.சி.பி. கூடவே எர்த் வயர். அந்த பாயிண்டில் வேறு எதையும் மாட்டாமல் இருப்பது நல்லது.

இரட்டை அடுப்பு, 3,500 வாட்: இது 15 ஆம்பியரைத் தாண்டும். 16 ஆம்பியர் பிளக்கின் கழுத்து வரை வந்துவிட்டது. 4 ஸ்கொயர் வயரும் 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் வேண்டும். பிளக்கை நம்பாமல் 20 ஆம்பியர் டி.பி. சுவிட்ச் வழியாக நேராக இணைப்பது பாதுகாப்பு.

மேடையில் பதிக்கும் நாலு அடுப்பு, 7,000 வாட்: 30 ஆம்பியர். குறைந்தது 6 ஸ்கொயர் வயர், தனி 32 ஆம்பியர் எம்.சி.பி. பெட்டியில் இருந்து சமையலறை தூரம் என்றால் வயர் இன்னும் ஒரு படி தடிமனாக வேண்டும்.

வயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை குறைவு என்று முத்திரை இல்லாத சுருளை வாங்கினால், மேலே 2.5 என்று எழுதியிருக்கும், உள்ளே கம்பி அந்த அளவுக்கு இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பீஸ் கட்டையில் தடித்த கம்பி

இதில்தான் நிறைய பேர் தப்பு பண்ணுகிறார்கள். அடிக்கடி பீஸ் போகிறது என்றால், "இந்தக் கம்பி சரியில்லை, நல்ல தடித்த கம்பியாப் போடு" என்பார்கள். எம்.சி.பி. இருக்கும் வீட்டில், "16 ஆம்ப்ஸ் டிரிப் ஆவுது, 32 போட்டுவிடு" என்பார்கள்.

பீஸ் கம்பியும் எம்.சி.பி.யும் அடுப்பைக் காப்பாற்ற வைத்தது இல்லை. சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பாற்ற வைத்தது. வயருக்குத் தகுந்த எம்.சி.பி. போட வேண்டுமே தவிர, அடுப்புக்குத் தகுந்த எம்.சி.பி. போடக்கூடாது. வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், வாசலில் இருந்த காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிய மாதிரி.

16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 16.1 ஆம்பியர் போனவுடன் படாரென்று விழும் என்று நினைப்பதும் தப்பு. 18 ஆம்பியர் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு அது விழாமல் இருக்கலாம். 23 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும் என்பது அதன் தர விதி. அந்த ஒரு மணி நேர சூட்டை 1/18 வயர் எப்படித் தாங்கும்?

அமெரிக்கக் கணக்கும் லைன் வீட்டுக் கணக்கும்

அமெரிக்காவில் கரண்ட் அடுப்பு புதிதல்ல. நாலு அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த பெரிய பெட்டி அது. 12,000 வாட் வரை இருக்கும். அதற்கு 240 வோல்டில் தனி லைன். ஆனால் வயர் அளவு போடும்போது 12,000 வாட்டை 8,000 வாட் என்று கணக்கில் எடுத்தால் போதும் என்கிறது அங்குள்ள விதி. 8,000 வாட் என்றால் 33 ஆம்பியர். 40 ஆம்பியர் பிரேக்கர் போடுகிறார்கள்.

காரணம், நாலு அடுப்பும் ஓவனும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரிவது அபூர்வம். நாலு வீட்டில் நாலு பெட்டி இருந்தால் மொத்தம் 48,000 வாட். அதையும் 17,000 வாட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே விதி. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் எல்லா அடுப்பும் எரியாது என்ற நம்பிக்கை.

நம்ம ஊர் லைன் வீட்டில் இந்தத் தள்ளுபடி செல்லாது. இங்கே ஒரு வீட்டுக்கு ஒற்றை அடுப்புதான். பாதி எரியட்டும், பாதி அணையட்டும் என்று விட அதில் ஒன்றுமில்லை. உலை கொதிக்கும்வரை முழு வேகத்தில்தான் வைப்பார்கள். வேலைக்குப் போகும் நேரம் எல்லோருக்கும் ஒன்று என்பதால், எல்லா வீட்டிலும் ஒரே அரை மணியில்தான் வைப்பார்கள்.

ஒரே மீட்டரில் நாலு குடித்தனம் என்று வைத்துக்கொள்வோம். நாலு அடுப்பு, 8,000 வாட். 35 ஆம்பியர். பிரிட்ஜ், மோட்டார், மின்விசிறி சேர்த்தால் 40 ஆம்பியரை நெருங்கும். இருபது, முப்பது வருஷத்துக்கு முன்னால் லைட்டுக்கும் பேனுக்கும் என்று போட்ட மெயின் வயரும் மெயின் பீசும் இதை எப்படித் தாங்கும்? ஒரு வீட்டுக்காரர் உஷாராக தன் சமையலறைக்கு மட்டும் நல்ல வயர் இழுத்துக்கொண்டாலும் பயனில்லை. நாலு வீட்டு கரண்டும் கடைசியில் அந்த ஒரே மெயின் வயரில்தான் வந்து சேருகிறது.

கரண்ட் பில் என்ன ஆகும்?

ஒரு சிலிண்டரில் இருக்கும் கேஸ் மொத்தமாக எரிந்தால் வரும் சூடு ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தில் ஏறாமல் வீணாகிவிடும். இண்டக்சனில் வீண் குறைவு. எனவே ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்சனில் செய்ய ஏறத்தாழ 135 யூனிட் ஆகும்.

தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு இது கட்டுப்படியாகலாம். ஆனால் தமிழகத்தில் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும் படிக்கட்டு முறை. நாலு குடித்தனமும் ஒரே மீட்டர் என்றால், நாலு அடுப்பும் சேர்ந்து அந்த பில்லை மேல் படிக்கு ஏற்றிவிடும். சிலிண்டரில் மிச்சம் பிடித்த காசு வீட்டுக்காரர் கையில் கொடுக்கும் கரண்ட் காசில் போய்விடும்.

யார் செலவு செய்வது?

பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அடுப்பு வாடகைக்காரருடையது. சுவர் வீட்டுக்காரருடையது. "நீ அடுப்பு வாங்கினா நீயே வயர் மாத்திக்கோ" என்பார் வீட்டுக்காரர். "நாளைக்கு காலி பண்ணிட்டுப் போற வீட்டுக்கு நான் எதுக்கு வயர் போடணும்" என்பார் குடியிருப்பவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றும் செய்யாததால் 1/18 வயர் அப்படியே இருக்கிறது.

அடுப்பு விலையை விட வயர் வேலைக்கு அதிகம் ஆகும் என்பதுதான் உண்மை. அந்தச் செலவை கடைக்காரர் சொல்வதில்லை, விளம்பரம் சொல்வதில்லை. 20 லட்சம் அடுப்பு கொடுப்பதாகச் சொன்னவர்களும் வயரைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. சொந்த வீடு, புது வயரிங் உள்ளவர்களுக்கு கரண்ட் அடுப்பு வசதி. வாடகை வீட்டில், பழைய வயரில் இருப்பவர்களுக்கு அதே அடுப்பு ஆபத்து. ஆனால் கேஸ் விலை அதிகம் கடிப்பது இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான்.

உடனே என்ன செய்யலாம்?

வயர் மாற்றும்வரை அடுப்பை 1,000 அல்லது 1,200 வாட்டில் வைத்து சமைக்கலாம். 1,200 வாட் என்றால் 5 ஆம்பியர் சொச்சம். சமையலுக்கு நேரம் கூடும், வயருக்கு பாரம் குறையும். இதுவும் தற்காலிக வழிதான். பழைய 1/18 வயரில் தினமும் இதை நம்பி ஓட்டக்கூடாது.

அடுப்பு எரியும்போது அதே லைனில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், குக்கர் போடக்கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்சில் அடுப்பை மாட்டவே கூடாது.

கால் மணி நேரம் சமைத்த பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பைத் தொட்டுப் பார்க்கலாம். லேசான வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால், பழுப்பு நிறம் தெரிந்தால், வாடை வந்தால், அடுப்பு போட்டதும் லைட் மங்கினால் அந்த பாயிண்டில் அன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

எர்த் இல்லாத வீட்டில் மூன்று பின் பிளக்கின் மூன்றாவது பின்னுக்கு வேலையே இல்லை. எர்த் போட்டு, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தால் ஷாக் அடித்தால் உயிர் தப்ப வழி உண்டு. ஈரக்கையோடு வேலை நடக்கும் சமையலறைக்கு இது ஆடம்பரம் இல்லை.

வயர் வேலையை மின்கம்பியாள் சான்றிதழ் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும். லோடு கூடுகிறது என்றால் ஈ.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி லோடையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நாலு குடித்தனம் உள்ள வீட்டில் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதும் ஒரு வழி. மெயின் வயரும் பெட்டியும் வீட்டுக்காரர் கணக்கு. அங்கிருந்து சமையலறைக்கு வரும் லைன் குடியிருப்பவர் கணக்கு, அதை வாடகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம். பேசினால் முடிகிற விஷயம்தான். சுவர் கருகிய பிறகு பேசுவதை விட இப்போதே பேசுவது மேல்.

அரசு கவனிக்குமா?

கரண்ட் அடுப்பை மக்கள் கையில் கொடுக்க நினைக்கும் அரசு, அதோடு ஒரு பவர் பிளக்கையும், பத்து மீட்டர் நல்ல வயரையும், அதை மாட்டித்தர ஒரு ஆளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் திட்டம் முழுசாகும். கேஸ் இணைப்பு கொடுக்கும்போது ரெகுலேட்டரும் டியூபும் சரியாக இருக்கிறதா என்று ஆள் வந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கச் சொல்வார்கள். கரண்ட் அடுப்புக்கு மட்டும் யாரும் வந்து பார்ப்பதில்லை. வாங்கி வந்து சொருகினால் முடிந்தது.

நாளை காலையும் 6.30 மணிக்கு லைன் வீடுகளில் நாலு அடுப்பும் ஒன்றாகத்தான் எரியப் போகிறது. பீஸ் போனால் யாராவது வந்து கம்பி மாற்றுவார்கள். அது எந்தக் கம்பி என்பதை அந்த வீட்டுக்காரர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்தால் நல்லது.